கைக்கேற்ற கருவி

உளி தச்சனின் கையில் ஒரு வடிவும் சிற்பியின் கையில் வேறொரு வடிவும் கொள்கின்றது. இரும்பு ஒன்றே, செய்ய வேண்டிய வேலையே கருவியின் உருவத்தை வகுக்கின்றது. கைத்துப்பாக்கிக்கும் இவ்வுண்மை பொருந்தும். போர்வீரனின் இடுப்பிலே தொங்கும் கைத்துப்பாக்கி மழையிலும் சேற்றிலும் தவறாது வெடித்தல் வேண்டும். சில அடி தூரத்தில் எதிர்ப்படும் பகைவனை வீழ்த்திவிட்டால் அதன் கடமை முடிந்தது. குறிபார்த்துச் சுடும் போட்டிக்கென ஆக்கப்பட்ட கைத்துப்பாக்கியின் கடமையோ முற்றிலும் வேறு. 50 மீற்றர் தூரத்தில் நிறுத்திய கடதாசி இலக்கு. அதன் நடுவே 5 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சிறு வட்டம். வேறு தாங்குதல் எதுவுமின்றி ஒற்றைக் கையை நீட்டி, அவ்வட்டத்தை நாடி 60 முறை சுட வேண்டும். இத்தகைய வேலைக்குத் துணைநிற்கும் கருவி எத்தகையது? அதனைத் தேர்பவன் எதனை நோக்கித் தேர்தல் வேண்டும்? இவ்வினாவுக்கு விடை காண மக்களுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் சென்றன. அவ்விடையைக் கண்டோருள் ஒருவர் வலக்கையை இழந்தவர். மற்றொருவர் இரு கண்களையும் இழந்தவர்.

குறிச்சுடு கைத்துப்பாக்கியின் மூதாதை ஒரு கொலைக்கருவி என்பதை மறைப்பதற்கில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியப் பெருமக்கள் தம் மானத்துக்கு இழுக்கு நேர்ந்ததென்று கருதியபோது, வாளை விடுத்துக் கைத்துப்பாக்கியால் இருவர் போர் புரியும் வழக்கம் பரவியது. இலண்டனில் ரொபேட் வொக்டன், ஜோசப் மன்றன் முதலிய கம்மியரும், பிரான்சில் லெபாஜ் குடும்பத்தாரும் இப்போருக்கென இணை இணையாகத் துப்பாக்கிகளைச் செய்து பேழையில் வைத்து விற்றனர். நீண்ட கனத்த குழல், கையை நீட்டியவுடன் இயல்பாகவே எதிர்நோக்கும் பிடி, மிகச் சிறிய அழுத்தத்தில் விடுபடும் விசைவில் ஆகியவை இவற்றின் சிறப்புகள். பிற்காலத்துப் போட்டித் துப்பாக்கிகள் வேண்டி நின்றவை அனைத்தும் இங்கேயே கருக்கொண்டுவிட்டன.

ஆயினும் கருவியின் செம்மை அதனை ஏந்துவோனுக்கு உயிர் காக்கும் கவசமாகிவிடவில்லை. 1804ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள், அமெரிக்காவின் முதல் திறைசேரிச் செயலாளராயிருந்த அலெக்சாந்தர் ஹமில்ற்றன், அப்போது உப ஜனாதிபதியாயிருந்த ஏரன் பேர் என்பவரோடு நியூ ஜேர்சியின் வீஹோக்கன் என்னுமிடத்தில் எதிரெதிர் நின்றார். இருவர் கையிலும் இருந்தவை வொக்டனின் இலண்டன் பட்டறையிலிருந்து வந்த ஓரிணைத் துப்பாக்கிகளே. நுண்ணிய விசைவில் அமைப்பும் அவற்றில் இருந்தது. ஹமில்ற்றன் காயமுற்று மறுநாள் உயிர் நீத்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருவர் போர் மெல்ல மெல்ல ஒழிந்தது. ஆனால் அதற்காகச் செய்த பயிற்சி ஒழியவில்லை, பொழுதுபோக்காக மாறியது. 1845ஆம் ஆண்டளவில் பாரிஸ் நகரத்து லூயி பிளொபேர் என்பவர், வீட்டு மண்டபத்திலேயே சுடத்தக்க மிகச் சிறிய தோட்டாவை ஆக்கினார். அவர் தொடங்கிய வழியில் 1857இல் அமெரிக்காவின் ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனம் ‘புள்ளி இருபத்திரண்டு’ எனப்படும், ஏறத்தாழ 5.6 மில்லிமீற்றர் விட்டமுள்ள குறுந்தோட்டாவை வெளியிட்டது. 1887இல் ஸ்ரீவன்ஸ் நிறுவனம் அதன் நீண்ட வடிவத்தை வெளியிட்டது. இன்றும் உலகெங்கும் போட்டிகளில் வெடிப்பது இந்தத் தோட்டாவே. விலை குறைவு, ஓசை குறைவு, பின்னுதைப்பும் குறைவு. பின்னுதைப்புக் குறைந்தமையால், கை அஞ்சாது நிற்கக் கற்றுக்கொண்டது.

1896ஆம் ஆண்டு அதென்ஸ் நகரில் நடைபெற்ற முதலாவது நவீன ஒலிம்பிக் விழா, துப்பாக்கியைத் தேர்தலின் இன்றியமையாமையை எல்லோருக்கும் காட்டிற்று. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரைச் சேர்ந்த ஜோன் பெயின் அதென்சுக்குப் போகும் வழியில் பாரிசில் இறங்கித் தம் சகோதரர் சம்னரையும் அழைத்துக்கொண்டார். அங்கு எத்தகைய போட்டி, எந்த விதி என்பது இருவருக்கும் திட்டமாகத் தெரியாது. ஆதலால் பல வகைத் துப்பாக்கிகளையும் 3,500 தோட்டாக்களையும் சுமந்து சென்றனர். அங்கு அவர்களுக்குச் செலவானவை 96 தோட்டாக்களே. 25 மீற்றர் இராணுவக் கைத்துப்பாக்கிப் போட்டியில் ஜோன் 442 புள்ளிகளும் சம்னர் 380 புள்ளிகளும் பெற்று முதலிரண்டு இடங்களைக் கொண்டனர். மூன்றாமவர் பெற்றவை 205 மாத்திரமே. விருந்தளித்த நாட்டாரை மேலும் நாணச் செய்யலாகாதெனக் கருதி, 30 மீற்றர் போட்டியிலிருந்து ஜோன் விலகிக்கொண்டார். அதில் சம்னர் 442 புள்ளிகளுடன் வென்றார். இரண்டாமிடம் பெற்ற டென்மார்க் நாட்டு ஹொல்கர் நீல்சனுக்கு 285. இத்துணைப் பெரிய இடைவெளி திறமையால் மட்டும் விளைந்ததன்று. நன்கு செய்த கருவியும் அதனோடு பழகிய கையும் ஒருங்கே சேர்ந்தமையால் விளைந்தது. ஆயினும் மற்றொரு போட்டியில், அவர்களது துப்பாக்கியின் குழல்விட்டம் விதிக்கு ஒவ்வாதென அச்சகோதரர் இருவரும் விலக்கப்பட்டனர். கருவி எவ்வளவு சிறந்ததாயினும் களத்தின் விதிக்கு அமைந்ததாதல் வேண்டும் என்பது அன்றே வெளியாயிற்று.

இருவர் போரின் நிழல் அப்போதும் முற்றாக நீங்கவில்லை. 1906இல் அதே அதென்சில் நடந்த இடைக்கால விளையாட்டு விழாவில், நீள்சட்டை அணிவித்து நிறுத்திய மனிதப் பொம்மையை நோக்கிச் சுட்டனர். 1908இல் இலண்டனில் முகமூடி அணிந்தோர் ஒருவரையொருவர் மெழுகுச் சன்னங்களால் சுட்டுக் காட்சி நடத்தினர். பொம்மை மறைந்து வட்ட இலக்கு மட்டும் எஞ்சுவதற்கு மேலும் சில காலம் சென்றது.

இனி, நல்ல குறிச்சுடு கைத்துப்பாக்கியின் இலக்கணம் யாதெனக் காண்போம். முதலாவது, குறிகள். குழலின் முனையருகே ஒரு முன்குறியும், பின்னே ஒரு வெட்டுள்ள பின்குறியும் உண்டு. வெட்டின் நடுவே முன்குறி நேராக நிற்க வேண்டும். இவ்விரண்டுக்கும் இடைத்தூரம் 22 சென்ரிமீற்றர் என்று கொள்வோம். முன்குறி ஒரேயொரு மில்லிமீற்றர் விலகினால், 25 மீற்றர் தூரத்தில் சன்னம் 11 சென்ரிமீற்றருக்கு மேல் விலகிவிடும். 50 மீற்றரில் அவ்விலகல் 22 சென்ரிமீற்றரைத் தாண்டும். நடுவட்டத்தின் விட்டமோ 5 சென்ரிமீற்றர். ஆதலால் தேர்ந்த வீரன் இலக்கைக் கூர்ந்து நோக்குவதில்லை. முன்குறியையே கூர்ந்து நோக்குகின்றான். இலக்கு அவன் கண்ணுக்கு மங்கிய கரும்புள்ளியாகவே தோன்றும். புதியோர் பலருக்கு வியப்பளிக்கும் உண்மை இது.

இரண்டாவது, விசைவில். குறி எவ்வளவு செம்மையாக அமைந்தாலும், சுட்டுவிரல் அதனை வெடுக்கென்று இழுப்பின் துப்பாக்கியின் முனை அசைந்துவிடும். விசைவில் ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தத்தில், ஒரே இடத்தில், உராய்வின்றி விடுபடல் வேண்டும். அது இலேசாயிருத்தல் நன்று. ஒரே சீராயிருத்தல் அதனினும் நன்று.

மூன்றாவது, பிடி. உள்ளங்கையின் மேடுபள்ளங்கள் மனிதருக்கு மனிதர் வேறுபடும். ஒவ்வொரு முறையும் கை அதே நிலையில் சென்றமர வேண்டுமாயின், பிடியே கைக்கு இசைதல் வேண்டும். கை பிடிக்கு வளைந்துகொடுத்தல் ஆகாது. இதனாலேயே உயர்தரத் துப்பாக்கிகளின் பிடி வாதுமை போன்ற கடினமான மரத்தில் செதுக்கப்பட்டு, வாங்குவோன் தன் கைக்கேற்ப அரம் கொண்டு அராவிக்கொள்ளும் வண்ணம் விடப்படுகின்றது.

நான்காவது, நிறை பங்கிட்டு நிற்கும் பாங்கு. முனை சற்றுக் கனத்திருப்பின் நடுக்கம் தணியும். மிகக் கனத்தால் தோள் விரைவிற் சோரும். இந்நான்கினையும் ஒருங்கே அமைப்பதே கம்மியரின் கலை.

இக்கலை இருபதாம் நூற்றாண்டில் பட்டறையிலிருந்து தொழிற்சாலைக்குச் சென்றது. ஜேர்மனியின் வால்தர் நிறுவனம் விரைவுச் சுடுகைக்கென ‘ஒலிம்பியா’ என்னும் தானியங்கிக் கைத்துப்பாக்கியை ஆக்கியது. 1936ஆம் ஆண்டு பேர்லின் ஒலிம்பிக் விழாவில் விரைவுச் சுடுகையின் தங்கமும் வெள்ளியும் ஜேர்மனியருக்கே கிடைத்தன. போருக்குப் பின் அவ்வமைப்பை உரிமம் பெற்றுத் தொடர்ந்து செய்தது, சுவிற்சர்லாந்தின் லென்ஸ்பேர்க் நகரில் 1863இல் தோன்றிய ஹெமர்லி நிறுவனம்.

அந்த பேர்லின் விழாவில் ஓர் இடம் மறுக்கப்பட்டவர் ஹங்கேரி இராணுவத்தின் சார்ஜன்ற் காரோலி தக்காச். 1910இல் புடாபெஸ்ற் நகரில் பிறந்த அவர், நாட்டின் தலைசிறந்த கைத்துப்பாக்கி வீரருள் ஒருவராயிருந்தும், அதிகாரித் தரம் பெற்றோரே செல்லலாம் என்ற விதியினால் தடுக்கப்பட்டார். பின்னர் அவ்விதி நீங்கிற்று. ஆனால் 1938இல் இராணுவப் பயிற்சியின்போது பழுதுற்ற எறிகுண்டொன்று அவரது வலக்கையிலேயே வெடித்துக் கையைச் சிதைத்துவிட்டது. ஒரு மாதம் வைத்தியசாலையிற் கிடந்தார். வெளியே வந்ததும், எவருக்கும் கூறாமல், இடக்கையாற் சுடப் பழகத் தொடங்கினார்.

கட்டைவிரலைக் குருதட்சிணையாகக் கொடுத்த ஏகலைவன் கதை தமிழர் அறிந்தது. அக்கதை விரலோடு முடிகின்றது. தக்காசின் கதை அங்கிருந்தே தொடங்குகின்றது. இடக்கைக்கு மாறுதல் என்பது ஒரு கையை மறு கையாற் பதிலிடுவது மாத்திரமன்று. வலக்கைக்கெனச் செதுக்கிய பிடி இடக்கையிற் பொருந்தாது; நிற்கும் நிலை, தோளின் திருப்பம், குறிபார்க்கும் கண்ணுக்கும் கைக்குமுள்ள இசைவு ஆகிய அனைத்தும் மாறும். பல்லாண்டுகளாக ஒரு விரல் கற்றுக்கொண்ட மென்மையை மற்றொரு விரல் அரிச்சுவடியிலிருந்து கற்றல் வேண்டும். இவ்வளவையும் ஓராண்டினுள் கற்று, 1939இல் ஹங்கேரியின் தேசிய வெற்றி வீரரானார். அதே ஆண்டில் உலகப் போட்டியில் வென்ற ஹங்கேரிக் குழுவிலும் அவர் இருந்தார்.

1940, 1944 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் விழாக்கள் போரினால் நின்றுபோயின. பத்தாண்டுகள் காத்திருந்து, 1948இல் தமது 38ஆவது வயதில் தக்காச் இலண்டனுக்குச் சென்றார். சுடும் போட்டிகள் பிஸ்லி களத்தில் நடைபெற்றன. ஆர்ஜன்ரீனாவைச் சேர்ந்த உலக வெற்றி வீரர் கார்லோஸ் டியாஸ் சேன்ஸ் வலியென்றே, அவர் எதற்காக வந்திருக்கிறார் என வினவியபோது, கற்றுக்கொள்ள வந்ததாகத் தக்காச் விடையிறுத்தார் என்பர். விரைவுச் சுடுகையில் ஐந்து இலக்குகளை ஐந்து சன்னங்களால் சில விநாடிகளுள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுடுதல் வேண்டும். சிந்திக்க நேரமில்லை, கை கற்றதே துணை. தக்காச் 580 புள்ளிகள் பெற்று உலக சாதனையை நிலைநாட்டித் தங்கம் வென்றார். வலியென்றே 571 புள்ளிகளுடன் வெள்ளி பெற்றார். வேண்டிய அளவு கற்றுவிட்டீர் என்று அவரே மனமுவந்து பாராட்டினாராம். 1952இல் ஹெல்சிங்கி நகரில் 579 புள்ளிகளுடன் மீண்டும் தங்கம். இம்முறை ஒரேயொரு புள்ளியாற் பின்தங்கி இரண்டாவதாக வந்தவர் சிலார்ட் குன் என்னும் மற்றொரு ஹங்கேரியர். 1956இல் மெல்பேண் நகரில் தக்காசுக்கு எட்டாமிடமே கிடைத்தது. 1976இல் அவர் மறைந்தார்.

சுடுபவனின் கை பற்றிய உண்மையைத் தக்காச் காட்டினாரெனின், செய்பவனின் கை பற்றிய உண்மையைக் காட்டியவர் சோவியத் நாட்டு மிகயில் மர்கோலின். 1906இற் பிறந்த இவர் இளம் போர்வீரராயிருந்தபோது தலையிற் சன்னம் பாய்ந்து, பதினெட்டு வயதளவில் இரு கண்களின் பார்வையையும் இழந்தார். பார்வையற்ற ஒருவர் துப்பாக்கி ஆக்குவதா எனப் பலரும் ஐயுற்றிருப்பர். அவர் செய்த முறை வருமாறு: பல துப்பாக்கிகளைக் கழற்றி ஒவ்வோர் உறுப்பையும் விரல்களால் தடவித் தடவி மனத்திற் பதித்தார், தாம் எண்ணிய உறுப்புகளை மென்களிம்பிலும் மரத்திலும் உருவாக்கிக் காட்டினார், வரைபடக்காரர் அவர் சொல்லச் சொல்ல வரைந்தனர்.

இவ்வாறு இரண்டாம் உலகப் போருக்குப் பின் உருவான ‘மர்கோலின்’ கைத்துப்பாக்கி இஷெவ்ஸ்க் தொழிற்சாலையிற் செய்யப்பட்டு நாடுகள் பலவற்றுக்குச் சென்றது. அதன் பின்குறியின் அமைப்பு தனிக் கவனத்துக்குரியது. தானியங்கிக் கைத்துப்பாக்கியின் மேற்பகுதி ஒவ்வொரு வெடிக்கும் பின்னோடி முன்மீளும். பல துப்பாக்கிகளிற் பின்குறி அம்மேற்பகுதியிலேயே இருப்பதால், அதுவும் கூடவே ஓடும். மீளும்போது இம்மியளவேனும் மாறியமர இடமுண்டு. மர்கோலினோ பின்குறியை அசையாத உடலோடு இணைந்த ஒரு பாலத்தின்மேல் நிறுத்தினார். மேற்பகுதி அப்பாலத்தின்கீழ் ஓடி மீளும். முனைக்கெனக் கழற்றிப் பூட்டத்தக்க எடைக்கட்டியும் அமைத்தார். குறியைத் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் அதனூடே நோக்கியிராதவர், குறி அசையலாகாது என்பதைக் கண்ணுடையோரினும் தெளிவாக உணர்ந்திருந்தார். 1975இல் அவர் காலமானபோதும் அத்துப்பாக்கி பயிற்சிக் கழகங்களில் வழங்கிவந்தது.

சிறந்த கருவியைத் தேடும் ஆவல் ஒரு கட்டத்தில் விதியோடு மோதியது. வெடிக்கும்போது துப்பாக்கியின் முனை மேலெழுவதற்குக் காரணம், குழல் கைக்கு மேலே உயர்ந்து நிற்பதாகும். குழலைத் தாழ்த்தினால் எழுச்சி குறையும். அடுத்த இலக்குக்குக் கை விரைவில் திரும்பும். இந்நியாயத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்ற சோவியத் கம்மியர், பொறியையே தலைகீழாக்கிக் குழல் கையின் மட்டத்துக்குத் தாழ்ந்து வரும்படி ஒரு துப்பாக்கியைச் செய்தனர். 1956 மெல்பேண் விழாவில் அது களமிறங்கியது. விரைவுச் சுடுகையில் ருமேனியாவின் ஸ்ரெபான் பெற்றெஸ்கு 587 புள்ளிகளுடன் தங்கமும், சோவியத் வீரர் எவ்கேனி செர்க்காசொவ் 585 புள்ளிகளுடன் வெள்ளியும் பெற்றனர். அதன்பின் இத்தகைய துப்பாக்கிகள் விலக்கப்பட்டன. குழலின் நடுக்கோடு கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட கவைக்கு மேலாகவே செல்ல வேண்டும் என்றும், துப்பாக்கி முழுவதும் 300, 150, 50 மில்லிமீற்றர் அளவுள்ள பெட்டியொன்றினுள் அடங்க வேண்டும் என்றும் விதிகள் வகுக்கப்பட்டன. போட்டி கைகளுக்கிடையே நிகழ வேண்டுமேயன்றித் தொழிற்சாலைகளுக்கிடையே நிகழலாகாது என்பதே இவ்விதிகளின் கருத்து. 2005 முதல் விரைவுச் சுடுகைத் துப்பாக்கியின் விசைவில்லும் 1,000 கிராமுக்குக் குறையாத அழுத்தத்தை வேண்டி நிற்றல் விதியாயிற்று.

இவ்வரலாற்றில் இருண்ட பக்கமும் உண்டு. 1996ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள், ஸ்கொட்லாந்தின் டன்பிளேன் என்னும் சிற்றூரின் ஆரம்பப் பாடசாலையுள் உரிமம் பெற்ற கைத்துப்பாக்கிகளோடு நுழைந்த ஒருவன், 16 சிறுவர்களையும் அவர்தம் ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். பெற்றோரின் துயரம் நாடு முழுவதையும் அசைத்தது. 1997இல் நிறைவேறிய இரண்டு சட்டங்களால், இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் ஆகிய நாடுகளில் பொதுமக்கள் கைத்துப்பாக்கி வைத்திருத்தல் ஏறத்தாழ முற்றாகத் தடுக்கப்பட்டது. போட்டிக்குரிய சிறுவிட்டத் துப்பாக்கிகளும் அத்தடையினுள் அடங்கின. தக்காச் வென்ற பிஸ்லி களம் இருந்த அதே நாட்டில், 2012ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவின் கைத்துப்பாக்கிப் போட்டிகளைத் தனி அனுமதி பெற்றே நடத்த வேண்டியதாயிற்று. விளையாட்டு வீரர்கள் தம் கலை அழிந்ததென வருந்தினர். பிள்ளைகளை இழந்தோர், எந்த விளையாட்டும் ஓர் உயிருக்கு ஈடாகாது என்றனர். முன்னோரின் வருத்தம் மெய்யானது. பின்னோரின் சொல்லுக்கு மறுமொழி இல்லை. கம்மியன் எவ்வளவு செம்மையாகச் செய்தாலும், தன் கருவி எவர் கையை அடையும் என்பதை அவன் வரையறுக்க இயலாது. அப்பொறுப்பு சமுதாயத்தின்பாலது.

இக்கலையும் காலத்தோடு உருமாறி வருகின்றது. 50 மீற்றர் கைத்துப்பாக்கிப் போட்டி 2016ஆம் ஆண்டு ரியோ விழாவோடு ஒலிம்பிக் அரங்கினின்று நீங்கியது. வெடிமருந்தின்றி, அழுத்திய காற்றால் சிறுகுண்டைச் செலுத்தும் 10 மீற்றர்க் கைத்துப்பாக்கிப் போட்டி 1988 முதல் அங்கு இடம்பெற்று வருகின்றது. ஆயினும் தேர்வின் இலக்கணம் மாறவில்லை. அசையாத குறி, சீரான விசைவில், கைக்கிசைந்த பிடி, சமன்பட்ட நிறை என்னும் நான்குமே இன்றும் உரைகல். வெடிமருந்து இருந்த இடத்தில் காற்று வந்தமர்ந்ததேயன்றி, கை வேண்டுவது மாறிற்றில்லை.

விலைமிக்க துப்பாக்கி வீரனைப் படைப்பதில்லை. அது செய்வதெல்லாம், அவன் கையின் குற்றத்தையும் குணத்தையும் கூட்டாமலும் குறைக்காமலும் கடதாசியிற் பதிப்பதே. நல்ல தராசு பொருளின் நிறையைத் தான் ஆக்குவதில்லை; உள்ளதை உள்ளவாறு காட்டுகின்றது. அத்தகைய தராசொன்றைக் கண்ணில்லாத ஒருவர் விரல்களால் தேடிச் செய்தார். வலக்கையை இழந்த ஒருவர், எஞ்சிய கையை அத்தகைய தராசில் வைத்து நிறுத்தபோது, நிறை குறையவில்லை.